மாமாவுடன் இருக்க ஓர் ஆள்

786
திண்டுக்கல்
8-6-1958

அன்புள்ள கமருக்கு, மதினி எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். திருச்சியில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

மாமாவுக்கு மறதி முற்றிவிட்டது. நேற்று, என்றைக்கோ விற்றுப்போன நம் தோல் மண்டியின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாராம். பக்கத்து வீட்டு நர்கீஸ் அக்காவின் மாப்பிள்ளைதான் கூட்டி வந்தார். உடுப்பிலேயே போய்விடுகிறார். கழுவிவிட்டால், "யாரும்மா நீ? ஆம்பளைய இப்புடித் தொடலாமா?" என்று அழுகிறார். மருமகள் நான், கண்ணை எங்கே வைப்பேன்? உன் அண்ணன் தோல் வாங்க ஊர் ஊராகப் போய்விடுகிறார்.

என் அம்மா சாணார்பட்டியில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள். "ஒருக்கா வந்துட்டுப் போ" என்று சொல்லியனுப்பினாள். பஸ் ஏறினால் செத்த நேரம்தான். மாமாவை யாரிடம் விட? ஒரு வாரம் வந்து இரு, கமரு. உன்னைப் பெற்றவர்தானே.

உன் மதினி
குர்ஷித் பேகம்

---

திருச்சி
21-6-1958

அன்பான மதினிக்கு சலாம்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, எப்படிக் கிளம்புவேன்? மாமியாரிடம் கேட்டதற்கு, "மருமக இருக்கையில மக எதுக்கு?" என்கிறார். பொறுமையாக இருங்கள். அல்லாஹ் கூலி கொடுப்பான். அத்தாவுக்குப் பிடிக்குமே என்று பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிறீர்களாமே? ஊரே எழுந்து நின்று சலாம் சொன்ன மனுஷர். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கமர்ஜஹான்

---

திண்டுக்கல்
2-7-1958

கமருக்கு,

பழம் வந்தது. கொட்டையோடு விழுங்கப் பார்த்தார். விரல் விட்டு எடுத்தேன், கடித்துவிட்டார். பூட்டத்தான் செய்கிறேன். பூட்டாவிட்டால் நான் குளிக்கிற நேரத்தில் அவர் தெருவில் நிற்பார்.

டாக்டர், "வயசானா இப்படித்தாம்மா, பக்கத்துலயே ஆள் இருக்கணும்" என்றார். அந்த ஆள் எப்போது தூங்குவாள் என்று அவரும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டதாம். ஒரு வாரம் வேண்டாம். காலையில் வந்து சாயங்காலம் போய்விடு. உனக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டே போகிறேன்.

மதினி

---

திண்டுக்கல்
25-7-1958

கமர்ஜஹானுக்கு,

நீ பதில் போடவில்லை. அம்மா வியாழக்கிழமை மவுத்தாகிவிட்டாள். மாமாவை நர்கீஸ் அக்காவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் மய்யித்தை எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தால், "பசிக்குது, எங்கம்மா போன?" என்கிறார் மாமா. சோறு பிசைந்து ஊட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் உன் அண்ணன் அவரை அங்கே கூட்டி வருகிறார். முதலில் முடியாதென்றார். "அப்ப நீங்க வீட்ல இருந்து கழுவி விடுங்க" என்றேன். மறுநாளே டிக்கெட் எடுத்து வந்துவிட்டார்.

சாப்பிடச் சொன்னால் சாப்பிடமாட்டார். "உப்பு சரியா இருக்கா, பாருங்க" என்று சொல், தின்றுவிடுவார். கழுவும்போது துண்டை அவர் கையிலேயே கொடுத்துவிடு. மறைத்துக்கொண்டோம் என்று நினைத்து அழமாட்டார். வெந்நீர் வேண்டாம், பயப்படுவார்.

நாற்பதாம் பாத்திஹா வரை அம்மா வீட்டில் இருப்பேன். அதற்குப் பிறகு எப்போது வருவீர்கள் என்று கேட்டு எழுதாதே.

"அந்தப் புள்ள எங்க?" என்று உன்னிடம் கேட்பார். என் பெயர் அவருக்குத் தெரியாது. அவள் தன் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல். அவர் நம்பிவிடுவார்.

குர்ஷித் பேகம்