ஒலிப்பதிவை நிறுத்திய பிறகு

அன்புள்ள அறைத்தோழிக்கு,

தாதிய மாணவர்கள் ஏன் சோர்ந்துபோகிறார்கள் என்று ஆய்வு செய்கிறேன். மீண்டு வர எது உதவியது என்று இன்று அவர்களில் ஒரு பிள்ளையிடம் கேட்டேன்.

“நான் சாப்பிடாமக் கிடந்ததைக் கூட்டாளி அம்மாட்டச் சொல்லிப்போட்டாள், மிஸ். சொல்லாத எண்டு கெஞ்சினனான். இப்ப அவளோட கதைக்கிறேல்ல.”

ஒலிப்பதிவை நிறுத்தினேன். ஆய்வாளர் அறிவுரை சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன்.

“முதல்ல போய் அவளோட கதை.”

நாம் படித்த காலத்தில் நானும் அப்படிக் கிடந்தபோது, கெஞ்சியும் கேளாமல் நீ என் அம்மாவுக்குப் போனில் கோல் எடுத்தாய். துறைமுகத்தைப் பார்த்த நம் விடுதி வாசலில், மறுநாள் எங்கள் ஊர் ஈச்சிலம்பற்றிலிருந்து முதல் பஸ்ஸில் அம்மா வந்து நின்றார். அதற்குப் பிறகு நான் உன்னோடு பேசவேயில்லை.

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கோபப்பட நானும் மிச்சம் இருக்கிறேன். அதற்கு நன்றி.

உன்
பக்கத்துக் கட்டில்காரி