அழிக்க முன்னம் வாசியும்

உங்கள் பழைய சாரத்துண்டைப் பிரித்ததும் பூச்சி உருண்டை மணந்தது. உள்ளே நீங்கள் எடுத்த வீடியோக்கள் கிடக்கிற ஹார்ட் டிஸ்க். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் அதைத் தொடவில்லை. லண்டனிலிருந்து வந்திருக்கிற எங்கடை மருமகன்தான், "தாங்கோ மாமி, ஃபோனிலை பாக்கிற மாதிரி மாத்தித் தாறன்" என்று வாங்கித் தன் மடிக்கணினியில் செருகினார்.

"மாமி, உதிலை ஒண்டுமில்லை. ஃபோர்மட் பண்ணட்டோ எண்டு கேக்குது."

"கேட்டால் உடனை ஓம் எண்டுறதோ? கையை எடுங்கோ தம்பி!"

ஃபோர்மட் என்றால் துடைத்து வெறுமையாக்குவது. அது எனக்குத் தெரியாதா? ஊர்ச் செத்தவீடுகளை வீடியோ எடுத்து, வரமுடியாமல் வெளிநாட்டில் கிடந்து அழுத பிள்ளைகளுக்கு அனுப்பியவர் நீங்கள். ஒருமுறை புது டிஸ்க்கை உங்கள் கணினியில் ஓடிய லினக்ஸுக்கு ஏற்றமாதிரி ஆக்கப்போய், டிஸ்க்கின் பெயரில் ஓரெழுத்து மாறிப் பழையதைத் துடைத்துவிட்டீர்கள். உரும்பிராயில் ஒரு தாயின் கடைசி முகம் அதோடு போயிற்று. மகள் ஃபோனில் அழுதது அடுப்படியிலிருந்த எனக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடாமல் நீங்கள் எதையும் அழித்ததில்லை. "இஞ்சாரும், திரையிலை என்ன எழுத்தெண்டு சத்தமா வாசியும்." எஸ், டி, பி என்று எழுத்தெழுத்தாக வாசிப்பேன். பிறகுதான் உங்கள் விரல் இறங்கும்.

கணினி எழும்பும்போதே டிஸ்க்கும் தானாகத் திறக்கவேண்டுமென்று ஒரு வரி எழுதினீர்கள். அதிலும் ஒரு சொல்லை விட்டுவிட்டதால், டிஸ்க் செருகாத நாளில் கணினி எழும்பமாட்டேனென்று நின்றது. "சும்மா கிடைச்ச லினக்ஸ் எண்டால் உப்பிடித்தான்" என்று ஊரில் சிலர் சிரித்தார்களே, அவர்கள்தான் பிறகு வைரஸுக்குத் தங்கள் கலியாண வீடியோக்களைக் கொடுத்துவிட்டு எங்கடை வாசலில் வந்து நின்றார்கள். நீங்கள் தேத்தண்ணி கொடுத்தீர்கள். நானென்றால் பச்சைத்தண்ணியும் கொடுத்திருக்கமாட்டேன்.

மருமகனின் பளபளத்த பெட்டியை நினைத்தால் எரிகிறது. அதற்கு லினக்ஸ் டிஸ்க்கை வாசிக்கத் தெரியாது. தெரியாதென்று சொல்லவேண்டியதுதானே? அழிக்கட்டோ என்று கேட்கிறது! எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து உலகத்தில் எவ்வளவோ. அழியுங்கோ என்று நான் சொன்னேனா? அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இருக்கிற அடக்கம் அந்தப் பெட்டிக்கு இல்லை. அது சொன்னதற்குத் தலையாட்ட இந்த மருமகன் வேறு.

டிஸ்க்கை உங்கள் பழைய கணினியில் செருகிவிட்டுச் சுவிச்சைப் போட்டேன். முனகிக்கொண்டு எழும்பியது. டிஸ்க் தானாகத் திறந்தது. திரையில் என் அம்மாவின் செத்தவீடு. "கொஞ்சம் விலகுங்கோ, வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையள் முகத்தைப் பாக்க வேணும்." நீங்கள்! கமெரா பிடித்தவர் எந்தப் படத்திலும் இல்லை. இந்தக் குரல்தான் மிச்சம்.

மருமகன் தன் மடிக்கணினியை மூடி வைத்தார். "புது டிஸ்க் ஒண்டிலை கொப்பி எடுப்பம் மாமி. அதை முதல் ஃபோர்மட் பண்ண வேணும்."

"பண்ணுங்கோ. நான் வாசிச்சு முடியுமட்டும் கை மடியிலை இருக்கட்டும்."

சிரித்தார். சிரிக்கட்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்கள் கதிரையில் இருந்து, அடுப்படிக்கும் கேட்கிறமாதிரி வாசித்தேன்.

"எஸ், டி, சி. பழசு பி. ஓம், இது புதுசு. இனி அழிக்கலாம்."