அக்கா போனை எடுக்க மாட்டாளாம்

மகன் யாக்கோவுக்கு அம்மா எழுதுவது. அன்புள்ள என்று போட இன்று கை வரவில்லை. இங்கே நான் நலம், என் முட்டிவலியும் நலம். டொரன்டோவில் நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்புக்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதே, அதுவரை சந்தோஷம். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் புத்தாண்டு மாதுளம்பழப் படம் போட்டு, தெரிந்தோ தெரியாமலோ யாரையாவது புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும் என்றாயே, அது யாருக்கடா? என் பல் டாக்டரும் அதே படத்தைத்தான் அனுப்பியிருக்கிறாள். அவளாவது என் பல்லை மட்டும்தான் பிடுங்கினாள். நீ? அப்பாவுக்காக நாங்கள் தரையோடு உட்கார்ந்து துக்கம் காத்த வாரத்தில், பத் யாம் ஊரில் தெரிந்தவர்கள் எல்லாம் கூடியிருந்த வீட்டில், அவருக்கு மூன்று வருஷம் மலமூத்திரம் அள்ளிய உன் அக்காவைப் பார்த்து, "நீ பாத்துக்கிட்ட லட்சணத்துலதான் அப்பா போயிட்டாரு" என்றாய். உன் அக்கா வீதா எழுந்துபோய் அப்பாவின் படுக்கைத் துணிகளை மடித்தாள். தெரியாமலோவாம்!

கடவுளுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிப்பார், அக்காவுக்குச் செய்ததை அக்காதான் மன்னிக்க வேண்டும், அவளிடம் கேட்காமல் ஜெப ஆலயத்தில் நாளெல்லாம் மார்பில் அடித்துக்கொண்டாலும் உனக்கு மார்வலிதான் மிச்சம். உன் செய்தியை அவளிடம் காட்டினேன். பொரேக்கா பலகாரத்துக்கான மாவைப் பலகையில் அறைந்துகொண்டே, "அந்தப் பழத்த அவனையே தின்னச் சொல்லு. போன் பண்ணா வச்சுருவேன். மறுபடி பண்ணாலும் வச்சுருவேன்" என்றாள். மூன்றாவது தடவை பண்ணினால் என்று கேட்டேன், மாவை இன்னும் ஓங்கி அறைந்தாள். மூன்று முறை வந்து கேட்டவனையும் விரட்டினால் பாவம் விரட்டியவள் தலையில் என்பது அவளுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் பண்ண வேணாம்னு சொல்லும்மா. அன்னிக்கு வீட்லதான் இருப்பேன். எடுக்க மாட்டேன்" என்றாள்.

அடேய் மடையா, வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு வேலை. உனக்காக லீவு போட்டிருக்கிறாள்.

இந்த வருஷமும் நீ உயிரோடும் சுகத்தோடும் கடவுளின் ஜீவ புத்தகத்தில் எழுதப்படு, ஆசீர்வாதம். நோன்புக்கு முன் தண்ணீர் நிறையக் குடி. அவள் போனை வைத்தால் மறுபடி அடி, வைத்தால் மறுபடி அடி. அதற்குப் பிறகு வேண்டுமானால் என்னிடம் பேசு.

கோபம் தீராத உன் அம்மா,
பெர்லா