பரஸ்தானம் போன மஞ்சள் பை

அத்தை,

இன்று காலை காலண்டரில் தேதித் தாளைக் கிழித்ததும் என் கண் நேராகக் கீழ்வரிசைக்குத்தான் போனது. திங்கட்கிழமை, ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று உங்களிடமே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். ஆனாலும் கண் அங்கேதான் போகிறது. நீங்கள் பழக்கிவிட்ட கண். தாளைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால், "பால் பொங்குனா நல்லதுதான் தாயி, அடுப்பை மட்டும் தொடச்சிரு" என்றிருப்பீர்கள்.

துடைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பி.யு.சி. முடித்த கையோடு அவனியாபுரத்துக்கு உங்கள் மருமகளாக வந்தவள் நான். எழுபதுகளின் நடுப்பகுதி. மேலே படிக்க வேண்டும் என்று உங்கள் மகனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர், "அம்மாட்டக் கேளு" என்று சொல்லிவிட்டு ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கு எதற்குமே அதுதான் பதில். நீங்கள் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தீர்கள். நிமிராமலே, "பகல்ல வேலை கெடக்கு, சாயங்காலம் ஏதாச்சும் இருந்தா போயிக்க" என்றீர்கள். டவுனுக்குள் மாலைக் கல்லூரி ஒன்று இருக்கிறது என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது. உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கடைசிவரை நான் கேட்கவில்லை.

மூன்று வருடம் அந்தக் கல்லூரிக்குப் போனேன். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் பறக்க, பகலெல்லாம் ஆபீஸில் உழைத்துக் களைத்தவர்களோடு உட்கார்ந்து சரித்திரம் படித்தேன். அசோகரும் அக்பரும் எனக்கு இருட்டிலேயே அறிமுகமானவர்கள். கடைசி வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், நிறுத்தத்தில் நீங்கள் டார்ச் லைட்டோடு நிற்பீர்கள். தெருவிளக்குக்கு அடியில் நின்றுகொண்டே டார்ச்சையும் எரியவிட்டிருப்பீர்கள். எதற்கு என்று கேட்டதற்கு, "எதுத்தாப்புல வர்றவுகளுக்கு நாம நிக்கிறோம்னு தெரியணும்ல" என்றீர்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் முன்னால் ஆடிக்கொண்டே போக, பாதித் தூக்கத்தில் பின்னால் வருவேன். கண்மாய்க்கரைக் காற்று முகத்தில் படும். சில நாள் நான் நடக்கிறேனா, கனவு காண்கிறேனா என்றே தெரியாது.

பி.ஏ. முடியும் வருடம் ஒரு கல்யாணத்துக்கு மேற்கே போனபோது, பஸ் ஜன்னல் வழியாகப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தேன். பின்னால் மலை, முன்னால் வெறும் பொட்டல். நடுவில் வெள்ளைக் கட்டடங்கள். நடுப்பகல் வெயிலில் சில பெண்கள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரித்தபடி போனார்கள். அவ்வளவுதான் பார்த்தது. அதற்கப்புறம் ராத்திரி கண்ணை மூடினால் அந்தப் பொட்டல்தான். அதில் நானும் நடந்துகொண்டிருப்பேன். என் நிழல் கூடவே வரும். மூன்று வருடம் படித்தும் அந்தக் கல்லூரிக்குள் நிழல் விழ ஒருநாளும் நடந்ததில்லை என்பது எனக்குப் பெரிய குறையாக இருந்தது.

உங்களிடம் அதைச் சொன்னபோது நீங்கள் சிரிக்கவில்லை. "அம்புட்டுத்தானே? வெளிச்சத்துல போயி வெளிச்சத்துல வா. எனக்கும் டார்ச்சுக்குப் பேட்டரிக் கட்டை மிச்சம்" என்றீர்கள்.

எம்.ஏ.வுக்கு எழுதிப் போட்டேன். ஆனி மாதத்தில் கார்டு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவேண்டும், அசல் சான்றிதழ்களைக் கையோடு கொண்டுவரவேண்டும், வராதவர் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நான் சந்தோஷத்தில் குதித்தேன். நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள். ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டும், எட்டு மணிக்காவது வாசலைத் தாண்டவேண்டும். திங்கட்கிழமை எட்டு மணி சுத்தமான ராகு காலம். விடியக்காலையிலேயே போய் அங்கே காத்துக்கிடக்கிறேன் என்றேன். "வயசுப் பிள்ளை பொட்டக்காட்டுல தனியா உக்காந்திருப்பியா?" என்று அதையும் தள்ளிவிட்டீர்கள்.

அப்புறம் நீங்களே வழி கண்டுபிடித்தீர்கள். பரஸ்தானம் வைப்பது. நாம் கிளம்பும் வேளை சரியில்லை என்றால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து நம் பொருள் ஒன்றை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த வேளையில் வேண்டுமானாலும் போய் அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். ஊரில் எல்லோரும் ஒரு துண்டையோ சேலையையோ வைப்பார்கள். உங்களுக்கு அது போதவில்லை. "என்ன காரியத்துக்குப் போறமோ அந்தக் காரியத்துப் பொருள்தேன் முன்னால போகணும்" என்று என் மார்க் லிஸ்ட், டி.சி., அந்தக் கார்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, மேலே குங்குமம் தடவி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருக்கோடி ராணி அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு வந்தீர்கள். வந்து, பாதிக் கிணறு தாண்டியவர் மாதிரி ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தீர்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு நாம் இருவரும் போய் நின்றால் ராணி அக்கா வீட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது.

எதிர்வீட்டுக்கார அம்மா கோலம் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவுக விடியுமுன்னயே குன்றத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாகளே." எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்தேன், ரத்தமே இல்லை. ஒரே ஒரு நிமிடம்தான் அப்படி நின்றீர்கள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சாவி அவகிட்டத்தான இருக்கும்? வா" என்று ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினீர்கள். ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. நீங்கள் அதை நினைத்த மாதிரியே தெரியவில்லை.

பஸ் பிடித்துத் திருப்பரங்குன்றத்தில் இறங்கும்போது ஒன்பது அடித்துவிட்டது. அன்று நல்ல முகூர்த்த நாள். கோயில் தெரு முழுக்கக் கல்யாணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாப்பிள்ளை, ஒரு பெண். ஒரு மேளம் முடியும் இடத்தில் இன்னொரு மேளம் தொடங்கியது. எல்லா நாயனமும் கலந்து மலைப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. மஞ்சள் அரிசி எங்கிருந்தோ பறந்து வந்து என் தலையில் விழுந்தது. யாரோ எனக்குச் சந்தனம் நீட்டினார்கள், நானும் தொட்டுக்கொண்டேன். நீங்கள் ஒவ்வொரு மண்டபத்துக்குள்ளும் நுழைந்து "ராணீ" என்று கூப்பிடுவீர்கள். எங்கிருந்தாவது முன்பின் தெரியாத ஒரு ராணி எழுந்து வருவாள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நான் மிதந்துகொண்டே போனேன். இன்றைக்கு நினைத்தாலும் அது நடந்ததா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் ஒரு மண்டபத்துப் பந்தியில் ராணி அக்கா இருந்தார். இலையில் பொங்கல். மடியில் நம் மஞ்சள் பை.

"பூட்டுன வீட்டுக்குள்ள பரஸ்தானத்தை வைக்கலாமா பெரியம்மா? பாவமில்ல? அதேன் கையோட கொண்டாந்தேன். தாலி கட்டுனதும் ஓடியாந்து குடுத்துரலாம்னு பாத்தேன், பந்தி போட்டுட்டாக" என்றார்.

நீங்கள் அவரை அடிக்கப்போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ பையைத் திறந்து, தாள்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "மகராசி" என்று அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தீர்கள். அடுத்த மூச்சில் பெண்ணின் அப்பாவிடம் போனீர்கள். வாசலில் பூ அலங்காரத்தோடு மாப்பிள்ளைக்காகக் காத்து நின்ற பிளசர் காரைக் காட்டி, "அண்ணே, பொண்ணு மாப்பிள சாமி கும்புட்டுச் சாப்புட்டு எந்திரிக்க எம்புட்டு நேரமாகும்? அதுக்குள்ள திருப்பி விட்டுர்றேன். இவளும் இன்னைக்கு ஒரு புது வீட்டுக்குப் போறவதேன்" என்றீர்கள். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டினார்.

முன்னாலும் பின்னாலும் மல்லிகைச் சரம் ஆட, கல்யாணக் காரில் நாம் பல்கலைக்கழகத்துக்குள் போனோம். வயல்கள் பின்னால் ஓடின. நாகமலை பக்கத்தில் வர வர நீண்டுகொண்டே போனது. நீங்கள் மஞ்சள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். காரில் ஏறியது உங்களுக்கு அதுதான் முதல் தடவை என்று திரும்பி வரும்போது சொன்னீர்கள்.

இறங்கிய உடனே என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேராசிரியர்கள். தலையில் அட்சதையோடு நின்ற என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். தாள்களைப் புரட்டிய ஒருவர், "ராத்திரிக் காலேஜில் படித்திருக்கிறீர்கள், கல்யாணமும் ஆகியிருக்கிறது. தினமும் பகலில் இவ்வளவு தூரம் வர முடியுமா? பாதியில் நின்றுவிட்டால் ஒரு இடம் வீணாகும். வீட்டில் விடுவார்களா?" என்று கேட்டார். இங்கிலீஷில் பதில் சொல்ல எவ்வளவோ தயார் செய்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. ஜன்னலைக் காட்டினேன். வெளியே நடு வெயிலில், பூ அலங்காரக் காருக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நீங்கள் கட்டடத்தை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என் மாமியார்தான் கூட்டிக்கொண்டு வந்தார்" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் எழுந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே ஓடிவந்து உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் நிழலும் உங்கள் நிழலும் தரையில் ஒன்றாகக் கிடந்தன.

வகுப்புத் தொடங்கியபின் வாராவாரம் திங்கட்கிழமை வருமே, அதற்கு என்ன செய்வீர்கள் என்று உங்களைக் கிண்டல் செய்தேன். "அன்னைக்கு வச்சது ரெண்டு வருசத்துக்கும் சேத்துத்தேன்" என்று அசராமல் சொன்னீர்கள். இப்படி ஒரு சலுகை எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. இரண்டு வருடமும் ராகு காலத்தில் வாசலில் நின்று எனக்குக் கையசைத்தீர்கள்.

படித்தேன், வேலைக்குப் போனேன், பிள்ளைகள் வளர்ந்தார்கள். எண்பதுகள் முடியும்போது உங்களுக்கு நடை தளர்ந்தது. அந்த வருடம்தான் உங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பித்தீர்கள். நல்ல நேரம் பார்த்து, குங்குமம் தொட்டு வைத்து. வெற்றிலைச் செல்லம் ராணி அக்காவுக்கு, சுங்குடிச் சேலை எதிர்வீட்டுக்கு, பித்தளைக் குடம் வண்டியூரிலிருந்த உங்கள் தங்கச்சிக்கு. தெருவில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது அத்தை, பொய் சொல்லமாட்டேன். ஒருநாள் உங்களுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டே விட்டேன். "எல்லாருக்கும் குடுக்கறீங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லையா?"

சீப்பில் சிக்கிய முடியோடு மெல்லத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"கிறுக்கச்சி. பரஸ்தானத்தை வெளியாளு வீட்டுலதான வைப்பாக? சொந்த வீட்டுலயா வைப்பாக?"