சக்கரம் செருப்பா, காலா?

இரண்டு வருஷம் கோயிலுக்குள்ளேயே முடங்கிக் கிடந்த சித்திரைத் திருவிழா திரும்பவும் ஜனங்களோடு ஆற்றுக்கு வந்ததே, அந்த வருஷம்தான் மாப்ள நீ மலையேறினாய். ஆடி பிறந்திருந்தது. பாதிப் பேர் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். எனக்குத் தேதி எழுதி வைக்கத் தெரியாது. இப்படித்தான் வருஷங்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள்.

இன்றைக்குக் காலையில் வில்லாபுரத்தில் ஒரு பஞ்சர் கடையில் நின்றேன். வெயிலில் கிடந்த டயரைக் கடைக்காரர் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். சூடேறிய ரப்பரில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, அது வந்தது. வந்த வேலை மறந்து நின்றுவிட்டேன்.

"என்ன பெருசு, டயரு வாசத்துக்கே இம்புட்டுக் கிறக்கமா?" என்றார் கடைக்காரர்.

அவருக்கு உன்னைத் தெரியாது.

கொட்டாம்பட்டிப் பக்கத்தில் நம் ஊர். ஊருக்கு மேற்கே கழுதைமுதுகு. மலை என்று பேர்தான், ஒரே பாறை, பின்பக்கம் சரிந்து கிடக்கும். ஆடு ஏறும், எருமைகூட ஏறும். நடக்கப் பழகுகிற வயசிலேயே இளம்பிள்ளை வாதம் உன் இரண்டு காலையும் வாங்கிக்கொண்டதால் நீ மட்டும் ஏறியதில்லை. நாங்கள் ஏறி இறங்கி வந்து மேலே பார்த்ததை எல்லாம் உனக்குச் சொல்லுவோம். பார்க்காததையும் சொல்லுவோம்.

பிறகு இருவரும் மதுரைக்கு வந்தோம். நான் வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினேன். நீ ஆனையூரில் கையால் சுற்றும் தையல் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் நான் கேட்பேன், "வாடா, முதுகுல ஏறு. நீ ஒரு மூட்டைக்குக் காண மாட்ட." ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "நீ தூக்கிட்டுப் போனா நீதான்டா போன. நான் எங்க போனேன்?"

அப்படியே நமக்கு வயசாகிவிட்டது.

நிவேதா உன் கடைக்கு வந்தது கால்சட்டையைப் பிரித்துத் தைக்க. வில்லாபுரத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண், பைக் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. செயற்கைக் காலை மாட்டவும் கழற்றவும் தோதாகக் கால்சட்டையில் ஒரு ஜிப் வைக்கச் சொன்னாள். ஞாயிறுதோறும் கூட்டாளிகளோடு மலையேறிக்கொண்டிருந்தவளாம். "இப்ப நான் போனா எல்லாரும் மெதுவா நடக்குறாங்க ஐயா, பாவம்னு. அதான் புடிக்கல" என்றாள். நீ ஜிப்பைத் தைத்துக்கொண்டே, "எங்க ஊருல ஒரு கழுதை படுத்திருக்கு. அது மேல ஏற வழி போடுறியா?" என்று கேட்டாய். நீ விளையாட்டுக்குத்தான் கேட்டாய். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்து நின்றாள்.

அந்தப் பிள்ளைகள் வேலை செய்த நேர்த்தியை நீதான் எனக்குக் காட்டினாய். ஊர்க்கூட்டத்தில் நின்று அனுமதி கேட்டார்கள். பாறையை உடைக்கவில்லை. இடுக்குகளில் சல்லியும் மண்ணும் போட்டு இடித்து, பின்பக்கச் சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை ஆக்கினார்கள். கண் தெரியாதவர்கள் பிடித்துக்கொண்டு வர ஓரமாகக் கயிறு கட்டி, திருப்பம் வரும் இடத்தில் எல்லாம் முடிச்சுப் போட்டார்கள். உன் சக்கர நாற்காலியை அளந்து அந்த அகலத்துக்குப் பாதை குறித்தபோது நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு ஆளு கூட வர்ற அகலம் வேணும் தாயி. பின்னால நின்னு தள்ளுறவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. பக்கத்துல வந்தாத்தான் பேச்சு."

அவர்கள் முகம் சுளிக்காமல் கயிற்றை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார்கள்.

எல்லாம் முடிந்து நீ ஏறுகிற நாள் வந்தது. ஊரே பார்க்க வந்திருந்தது. நீ உன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு செருப்புக்கல் வரைக்கும் வந்தாய். மேலே சாமி இருப்பதால் அந்தக் கல்லைத் தாண்டி யாரும் செருப்போடு போவதில்லை. நான் பேச்சுப் போக்கில் செருப்பை உதறினேன். நிவேதா கல்லில் உட்கார்ந்து நல்ல காலின் ஷூவையும் செயற்கைக் காலின் ஷூவையும் கழற்றினாள். நீ சக்கரத்தில் கை வைத்தாய்.

"ஏப்பா, நில்லு. சக்கரத்தோடயா போற?"

பூசாரி குரல் கொடுத்தார். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தோம்.

"ஆனையூரு ரோட்டுல உருண்டதுதான இது? சாணி, சாக்கடை எல்லாத்தையும் மிதிச்சதுதான? அப்ப இது செருப்புதான்" என்றார்.

அத்தனை மாசம் வேலை செய்தும் யாருக்கும் இது தோன்றவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வழியில்லை. அந்த ஊரிலேயே பிறந்த உனக்கும் எனக்கும் தோன்றவில்லை, அனுமதி கொடுத்த ஊருக்கும் தோன்றவில்லை. நிவேதாவின் முகம் செத்துப் போனது.

ஆளாளுக்கு வழி சொன்னார்கள். சக்கரத்தில் சாக்குச் சுற்றலாம் என்றார் ஒருவர். "சாமி தேரே சக்கரத்துலதான போகுது?" என்றார் இன்னொருவர். "தேரு தெருவுலதான ஓடுது, மலையிலயா ஓடுது?" என்று பூசாரி வாயை அடைத்தார். இளவட்டங்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "சித்தப்பா, வண்டி இங்கயே கெடக்கட்டும். சாமி மாதிரி தூக்கிட்டுப் போயிர்றோம்."

"சாமிக்கு வேற வழியில்ல, தூக்குறீங்க. எனக்குத்தான் கை இருக்கேடா" என்றாய்.

கூட்டம் சிரித்தது. பூசாரி சிரிக்கவில்லை. பழக்க தோஷத்தில் நான் உன் முன்னால் குனிந்துவிட்டேன். என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய். "நிமிருடா மாப்ள. இங்க மூட்டை ஒண்ணும் இல்ல."

நிமிர்ந்தேன். அன்றைக்குப் பூசாரி முடியாது என்றிருந்தால் அந்தப் பாதை மற்ற எல்லோருக்கும் ஆகியிருக்கும், உனக்கு மட்டும் ஆகியிருக்காது.

நீ குரலை உயர்த்தவில்லை. சட்டைக்கு அளவு எடுக்கும்போது கேட்பதுபோல் கேட்டாய். "அண்ணே, இந்தப் புள்ளையோட இடது காலு பிளாஸ்டிக்கு. ஷூவக் கழட்டுனப்ப பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

"அந்தக் காலையும் கழட்டி வையின்னு ஏண்ணே சொல்லல?"

"அதெப்படிச் சொல்றது? அது காலுல்ல?"

"கம்பெனியில செஞ்சதுண்ணே."

"எங்க செஞ்சா என்னப்பா, அத வச்சுத்தான அந்தப் புள்ள நடக்குது?"

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்துவிட்டது. நீ சக்கரத்தைத் தொட்டுக் காட்டி, "நான் இத வச்சுத்தாண்ணே நடக்குறேன்" என்றாய்.

பூசாரி குனிந்து சக்கரத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"காலுன்னா ஏன்டா கழுவாம நிக்கிற? காலக் கழுவாம கோயிலுக்குள்ள வருவியா நீ? ஏத்தா பாண்டியம்மா, அந்தக் குடத்தக் கொண்டா!"

பாண்டியம்மா குடத்தைச் சாய்க்க, பூசாரியே சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கழுவினார். வெயிலில் சுட்ட ரப்பரில் தண்ணீர் விழுந்து அந்த வாசனை எழுந்தது. நீ நெளிந்தாய். "இதமா தேய்ங்கண்ணே, கூசுது" என்றாய். அப்போதுதான் அவர் சிரித்தார். நிவேதா சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு ஏறினோம். நீ உருட்டினாய், நான் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்தேன். என் கை தன்னால் நாற்காலியின் முதுகுக்குப் போனது, நீ தட்டிவிட்டாய். உன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "வெங்காய மண்டியில இதையாடா வருஷம் பூராம் பண்ண?" என்றாய்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. நான்குவழிச் சாலையில் லாரிகள் தீப்பெட்டி தீப்பெட்டியாய்ப் போயின. கிழக்கே கண்மாய்களைப் பார்த்தாய், வெகுநேரம் பார்த்தாய். நீ அழுவாய் என்று நினைத்து நான் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கடலு எங்கடா?" என்றாய்.

"எந்தக் கடலு?"

"மேல ஏறுனா கடலு தெரியும்னு சொன்னீங்களேடா சின்னதுல. கப்பலு போகும்னீங்க. அம்புட்டும் புளுகா?"

நீ அறுபது வயசு தாண்டியும் அதை நம்பிக்கொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்! சிரிப்பு தாங்காமல் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ என்னை எல்லாக் கெட்ட வார்த்தையிலும் திட்டினாய். சாமி பக்கத்தில் இருக்கிறது என்று பூசாரி அதட்டினார்.

அடுத்த பொங்கலுக்குள் நீ போய்விட்டாய். தூக்கத்திலேயே போனாய், நல்ல சாவு. அழுதோம், ஆனால் உனக்கு ஒரு குறை நின்றுபோனதே என்று யாரும் அழவில்லை.

பஞ்சர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தால் நிவேதாவின் போன். இப்போது மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு குன்றில் வழி போட்டிருக்கிறார்கள். அங்கேயும் செருப்பு கழற்றும் இடம் உண்டு, அங்கேயும் சக்கரத்துக்குத் தடை. இந்தத் தடவை பிள்ளைகள் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்கள், அதனால்தான் இப்போதே தெரிந்தது. கழுதைமுதுகில் சக்கரத்தைக் கழுவிவிட்டு ஏறினார்கள் என்று சொன்னதற்கு அந்த ஊர்ப் பெரியவர்கள், "சின்னப் பிள்ளைக சொன்னா எப்படி? கூட நின்ன பெரியாளு யாராச்சும் வந்து சொல்லட்டும்" என்கிறார்களாம். நாளைக்குக் கூட்டம். சக்கர நாற்காலியில் ஒரு டீச்சரம்மா ஏறக் காத்திருக்கிறாராம்.

மூட்டை தூக்கிய முதுகு இது. உன்னை ஒரு தடவைகூடச் சுமக்க விடவில்லை நீ. அன்றைக்கு நீ பேசிய பேச்சைத்தான் வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை சிந்தாமல். அது போதும் மாப்ள, அந்தக் கூட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

"பூசாரி தாத்தாவைக் கூப்பிடலாமா?" என்று நிவேதா கேட்டாள். அவர் போன புரட்டாசியில் போய்ச் சேர்ந்தார் என்றேன். குடம் சாய்த்த பாண்டியம்மா? அவள் அதற்கும் முந்தி. சாக்குச் சுற்றச் சொன்னவர், தேரைப் பற்றிக் கேட்டவர், ஒவ்வொருவராய்ப் போனதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அப்ப யாருதான் தாத்தா மிச்சம்?"

"காலையில மொதல் பஸ்ஸுக்கு வாரேன் தாயி. யாரு வர்றதுன்னு கேட்டா, கூட நின்ன மூக்கையான்னு சொல்லு."