பதினெட்டாம் நெரை கருப்பையா

என் உசுருக்குச் சமமான மச்சான் கருப்பையாவுக்கு,

உனக்கு எழுத்து தெரியாது. ஊர்லேர்ந்து கடுதாசி வந்தா என் கையில குடுத்து, "வாசிடா, கூட்டிக் கொறச்சு வாசிச்சே, உதைப்பேன்"னு சொல்லுவே. அதனால இதையும் நானே எழுதி, நானே வாசிக்கப் போறேன். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, வேதக்கோயில்ல எல்லார் முன்னாடியும்.

எங்க அக்காவை நீ கட்டின பொறவும் உன்னை நீங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரல. ஒரே கப்பல்ல இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து ஒரே லயத்து வீட்டு வரிசையில வளந்தவங்க நாம. நீயும் அந்த மரியாதையைக் கேக்கல. இப்பவும் நீன்னே எழுதுறேன், கோவிச்சுக்காதே. கோவிக்கிறதுக்கு உனக்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கு.

ஜப்பான்காரன் போயிட்டான் மச்சான். துரைமாருங்க திரும்பி வந்தாச்சு. பசிக்காக ரப்பர் மரத்துக்கு நடுவுல நாம நட்ட மரவள்ளியையெல்லாம் புடுங்கச் சொல்லிட்டாங்க. பெரட்டு பழையபடி நடக்குது. விடியக்காலைல வரிசையா நிக்க வச்சுப் பேர் கூப்பிட்டு முடியிற வரைக்கும் நான் இன்னும் தலையை நிமித்துறதில்ல.

போன வாரம் உபதேசியார் வந்தாரு. "யுத்தம் முடிஞ்சதுக்கு நன்றி ஆராதனை வைக்கிறோம் சாமுவேல், நீ சாட்சி சொல்லணும். ஜப்பான்காரன் சயாமுக்குப் புடிச்சிட்டுப் போகாம ஆண்டவர் உன்னைக் கை வச்சுக் காத்தாரே, அதைச் சொல்லு"ன்னாரு. கை வச்சுக் காத்தாராம்! அப்ப உன் மேலேர்ந்து கையை எடுத்தது யாரு? தலையை ஆட்டி அனுப்பிட்டேன். சாட்சிதானே வேணும், சொல்றேன்.

மூத்த ஆம்பளப் புள்ளைக்குக் காவல் சாமி பேரை வைக்கிறது நம்ம ஊர்ப் பக்கத்து வழக்கம். அப்படித்தான் ஒரே தோட்டத்துல ரெண்டு கருப்பையா ஆனோம். ரப்பர் பால் வெட்ட உனக்கு ஏழாவது மர வரிசை, ஏழாம் நெரை; எனக்குப் பதினெட்டாம் நெரை. தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி அதை வச்சுத்தான் பிரிச்சுக் கூப்பிடுவாரு. நான் ஞானஸ்நானம் வாங்கி சாமுவேல் ஆன பொறவும் ஆள் பேர் பதியிற செக்ரோல் புத்தகத்துல பேரை மாத்தல. என்ன அவசரம்னு விட்டுட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு முன்னாடி பாவத்தையெல்லாம் அறிக்கை பண்ணச் சொன்னாரு உபதேசியார். கள்ளு குடிச்சது, சூது ஆடினது, ஒருதரம் துரை வீட்டுக் கோழியைப் புடிச்சது, எல்லாத்தையும் சொன்னேன். நீ சன்னலுக்கு வெளியில நின்னு கேட்டுட்டு, "கோழியில எனக்கும் பங்கு இருக்கேடா, உங்க சாமி என்னையும் சேத்து மன்னிப்பாராலா?"ன்னு சிரிச்சே. உபதேசியாருக்கே சிரிப்பு வந்துருச்சு. பாவம்னா அவ்வளவுதான்னு நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அன்னைக்குப் பெரட்டுக்கு ஜப்பான்காரன் லாரியோட வந்தான். பழைய கிராணி ஓடிப்போயி புதுக் கிராணி வந்து நாலு நாளுதான் ஆயிருந்துச்சு. அவனுக்கு ஆளு முகம் தெரியாது. சயாம்ல ரயில் ரோடு போடுற வேலைக்குப் போகணும்னு ஒவ்வொரு பேரா வாசிச்சான். "பதினெட்டாம் நெரை கருப்பையா"ன்னான்.

என் பேரு. என் நெரை. என் காது நல்லாத்தான் கேட்டுச்சு.

எனக்கு அப்ப நாலு மாசக் கைக்கொழந்தை. அதைச் சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன், கைக்கொழந்தைக்காரங்க எத்தனையோ பேரு அந்த லாரியில ஏறினாங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? நான் சாமுவேல். கருப்பையா தண்ணியில முங்கினப்பவே செத்துட்டான், பழைய மனுசன் போயிட்டான்னு உபதேசியாரே சொல்லியிருக்காரு. அதனால இது என்னைக் கூப்பிடல. த்தூ! ஆண்டவர் குடுத்த பேரை எடுத்து, எலி பொந்துக்குள்ள போற மாதிரி அதுக்குள்ள போயி ஒளிஞ்சேன்.

கிராணி ரெண்டாந்தரம் கூப்பிட்டான். பக்கத்துல நின்னவங்களுக்கெல்லாம் தெரியும், எல்லாரும் மண்ணைப் பாத்தாங்க. மூணாந்தரம் கூப்பிட்டப்ப ஜப்பான்காரன் ரோத்தான் பெரம்பை ஓங்கிட்டு முன்னாடி வந்தான். நீ திரும்பி என்னைப் பாத்தே. ஒரே ஒரு பார்வை. பொறவு, "நான்தான் கருப்பையா"ன்னு சொல்லிட்டு லாரியைப் பாத்து நடந்தே.

நான் பாவம்னு ஒண்ணுமே செய்யலையே மச்சான். அடிக்கல, திருடல, காட்டிக் குடுக்கல. சும்மா நின்னேன். வாயை மூடிக்கிட்டு நிக்கிறதுக்குள்ள இவ்வளவு பெரிய பாவம் இருக்கும்னு எனக்கு எவனும் சொல்லித் தரல. சொல்லித் தந்திருந்தா மட்டும் தொறந்திருப்பேனா?

இந்த மூணு வருசமா எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அது உன்னோட நெரை இல்லைன்னு தெரிஞ்சு போனியா, தெரியாம போனியா? நீ தெரியாமத்தான் போயிருந்தா நான் கொலைகாரன். தெரிஞ்சே போயிருந்தா அதைவிட மோசம். ராவும் பகலும் இதுக்குள்ளேயே சுத்திக்கிட்டிருந்தேன்.

அக்கா நீ வருவேன்னு காத்துக்கிட்டிருந்தா. சயாம்லேர்ந்து ஆளுங்க ஒண்ணு ரெண்டா திரும்ப, அவ ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போயி நின்னா. லயத்துல எவளோ, "உன் புருசன் அங்கேயே ஒரு சயாம்காரியைச் சேத்துக்கிட்டானாம்லா"ன்னு சொல்லிட்டா. அக்கா சண்டைக்குப் போகல. எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, "இருந்துட்டுப் போகட்டும்டா தம்பி. எவகூட இருந்தா என்ன, உசுரோட இருந்தா போதும்"னா. அந்தச் சோத்தையும் நான் தின்னேன்.

அப்புறம்தான் நம்ம வீராசாமி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்தான்னு கேள்விப்பட்டுப் போனேன். உன்கூட அதே லாரியில ஏறினவன். கால்ல புண்ணு எலும்பு வரைக்கும் போயிருக்கு. என்னைப் பாத்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான். அங்கேயே உக்காந்திருந்தேன். சாயங்காலமாத்தான் வாயைத் தொறந்தான்.

"அவனுக்குத் தெரியும்டா. ஈப்போவுல ரயில் ஏறினதுலேர்ந்து உன்னைத் திட்டாத நாளில்ல. கோழைப் பய, சாமி பேருக்குள்ள பூந்துக்கிட்டான், வெளங்குவானான்னு திட்டுவான். ஒருநாள் நானே கேட்டேன், ஆள் மாறிப் போச்சுன்னு சொல்லிடேன்லா, திருப்பி அனுப்பினாலும் அனுப்புவான்னு. அதுக்கு அவன், சொன்னா ஜப்பான்காரன் போயி அந்தப் பயலைப் புடிச்சிட்டு வருவான், அது பச்சப்புள்ளைக்காரன்னான். மழைக்காலத்துல அவனுக்குக் காலரா வந்துச்சு. ரெண்டே நாளு."

மச்சான், எனக்குப் பதிலா ஒருத்தர் செத்தாருன்னு கோயில்ல எத்தனை தரம் பாடியிருப்பேன்! தாளம் போட்டுப் பாடினேன். அந்த ஆளோட முகம் தெரியாத வரைக்கும் அந்தப் பாட்டு இனிக்கும். இப்ப எனக்கு முகம் தெரியும். சிலுவையில இருந்தவரும் உன்னைப் போல என்னைத் திட்டிக்கிட்டேதான் செத்திருப்பாரோ? அப்படிக் கேக்குறது பாவமா? தெரியல.

நாலு நாளைக்கு முன்னாடி உபதேசியார்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். "ஆண்டவர் மன்னிச்சிட்டார் தம்பி, எந்திரி"ன்னாரு. எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "செத்தது என் மச்சான். மன்னிக்கிறது ஆண்டவரா? இவருக்கு என்ன ஒறவு?"ன்னு கத்திட்டேன். அவரு அதுக்கு, "இவரும் செத்தவர்தானே தம்பி. உன் மச்சான் பக்கத்துலதான் நிக்கிறார், உன் பக்கத்துல இல்ல. அங்க நின்னுதான் மன்னிக்கிறார்"னாரு. எந்திரிச்சு வந்துட்டேன். ஆனா மனசு ஆறல.

அக்காகிட்ட முந்தாநாள் சொல்லிட்டேன். அரிசி பொடைச்சுக்கிட்டிருந்தா. வீராசாமி சொன்னதைச் சொன்னேன், அன்னைக்குப் பெரட்டுல நான் சொல்லாததையும் சொன்னேன். மொறத்தைக் கீழ வச்சா.

"கூப்பிட்டப்ப நீ எங்கடா நின்னே?"

"அவனுக்குப் பின்னாடி."

"அவரு திரும்பிப் பாத்தாரா?"

"பாத்தான்."

"அப்பவும் நீ வாயத் தொறக்கல."

என் மக அத்தை அத்தைன்னு ஓடி வந்து அவ மடியில விழுந்துச்சு. தள்ளி விட்டுருவாளோன்னு பயந்துட்டேன். அது மூக்கைத் தொடச்சுவிட்டு, இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டா. "இதுக்கு அப்பன் வேணும்னு போனாரு. உனக்காகப் போகல, அதை நெனப்புல வச்சுக்க. புள்ளையைத் தினம் அனுப்பு. நீ என் கண்ணு முன்னாடி நிக்காதே"ன்னா. பொறவு உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அழுதா. வெளியில நின்னு கேட்டேன்.

அவ சொன்னது நெசம். நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நல்லாத் தெரிஞ்சே நீ குடுத்துட்டுப் போனே. கிருபைன்னு அதைத்தானே சொல்றாங்க? எனக்கு அது கசக்குது மச்சான். துப்பவும் முடியல, இனிக்குதுன்னு பொய் சொல்லவும் முடியல.

உன்கிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன். கேட்டா நீ குடுத்துருவே, உன் குணம் எனக்குத் தெரியும். ஒரு வாக்கு மட்டும் குடுக்கிறேன். என் மகளுக்கு வெவரம் தெரியிற வயசுல, வேற எவரும் சொல்றதுக்கு முன்னாடி நானே உக்கார வச்சு, உன் அப்பன் வாயை மூடிக்கிட்டு நின்னான், உன் மாமன் போனான்னு சொல்லுவேன். கேட்டு முடிச்சு அது என்னை எப்படிப் பாத்தாலும் சரி, அந்தப் பார்வைக்கு முன்னாடி அசையாம நிப்பேன்.

நீ திட்டின அத்தனையும் பொருந்துற
உன் மச்சினன்
சாமுவேல்