கெய்ரோவிலிருந்து கராச்சிக்குப் பதினாலு மணி நேரம்

9 செப்டம்பர் 1946
அருப்புக்கோட்டை

கெய்ரோவிலிருந்து ஜெயசெல்வியின் கடிதம். பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து நாலு வருடம் முடிந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் கராச்சிக்கு ஒரு விமானம். ஊர் திரும்புகிற நர்ஸுகளுக்கு அதில் இடம் உண்டாம். தங்குவதென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நீங்க என்ன நினைக்கிறீகன்னு எழுதுங்க" என்று முடித்திருக்கிறாள்.

என் பெண்டாட்டி பறக்கப் போகிறாள்!

10 செப்டம்பர்

பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சென்னய்யாவிடம் ஓர் இழை நூல் வாங்கி, பள்ளிக்கூட அட்லஸில் அளந்தேன். இரண்டாயிரம் மைல். மணிக்கு நூற்றறுபது மைல் என்றால் பன்னிரண்டரை மணி நேரம். அங்கே விடியும்போது இங்கே முதல் பீரியடு. நான் மழையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அவள் மேகத்துக்கு மேலே இருப்பாள். இந்த வறண்ட சீமையில் எங்கள் வகுப்புப் பையன்களுக்கு மழை, விமானம் இரண்டுமே கேள்விப்பட்ட சங்கதிதான்.

11 செப்டம்பர்

சென்னய்யா சிரித்துவிட்டார். "கஞ்சி போடாத நூல்ல அளந்தா எப்படி சார்? இழுத்தா நீளும், விட்டாச் சுருங்கும். நீங்க நல்லா இழுத்துப் புடிச்சிருக்கீக." கஞ்சி போட்ட இழை ஒன்று கொடுத்தார். இரண்டாயிரத்து இருநூறு மைல். ஏறக்குறையப் பதினாலு மணி நேரம். ஆசையில் இருநூறு மைலை விழுங்கியிருக்கிறேன்.

12 செப்டம்பர்

மைல், மணி, எங்கெங்கே கடல், எங்கே பாலைவனம் — எல்லாம் நாலு பக்கம் எழுதித் தபாலில் சேர்த்தேன்.

20 செப்டம்பர்

கனவில் அவள் கருவேலங்காட்டுக்கு மேலே பறந்து போனாள். நிழல் மட்டும் என் மேல் விழுந்தது.

4 அக்டோபர்

பதில் வந்துவிட்டது. "நாலு பக்கமும் படிச்சேன். கணக்கெல்லாம் நல்லாருக்கு. வான்னு ஒரு வார்த்தை இல்லையே? பதினஞ்சாந் தேதிக்குள்ள முடிவு சொல்லணும்."

ஐயோ, மடையா! படிச்ச மடையா! ஏன் எழுதலை? அவள் இஷ்டத்தில் தலையிடக் கூடாதென்றா? அதெல்லாம் சும்மா. வா என்று சொல்லி அவள் வராமல் போனால் — அந்தப் பயம்தான்.

5 அக்டோபர்

தந்தி ஆபீஸில் ரத்தினம் கேட்டார். "ஒரே வார்த்தைதானா? வேற ஒண்ணும் வேண்டாமா சார்?"

"வேண்டாம்யா. வான்னு மட்டும் போடுங்க."

15 அக்டோபர்

இன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்றே ஞாபகமில்லை.

2 நவம்பர்

நேற்றுச் சாயங்காலம் விருதுநகர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ரொம்ப மெலிந்திருக்கிறாள். காபி ஆறும்வரைகூடப் பொறுக்காமல் கேட்டேன், மேலேயிருந்து என்னென்ன பார்த்தாய் என்று.

"ஒண்ணும் பாக்கலைங்க. ஏறி உக்காந்ததும் தூங்கிட்டேன். நடுவுல எண்ணெய் போட எறங்குனதுகூடத் தெரியாது. கராச்சியில எழுப்பிவிட்டாக. நாலு வருசத்துல பயமில்லாமத் தூங்குனது அன்னைக்குத்தான்."

மணி பத்தாகிறது. இன்னும் எழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பார்க்க வருகிறவர்களையெல்லாம், சாயங்காலம் வாங்க என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.